ஹைட்ரஜன் தண்ணீரும் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும்



இந்த மூன்று மாதத்தில் ஒரே கேள்வியை ஒன்பது பேர் கேட்டுவிட்டீர்கள். "சார், ஹைட்ரஜன் தண்ணி குடிச்சா சுகர் குறையுமாமே, மெஷின் வாங்கலாமா?" என்று ஐந்து பேர். "பெரியப்பா, நானே ஏஜென்சி எடுக்கப் போறேன், நீங்க நாலு பேர்ட்ட சொல்லணும்" என்று இரண்டு பேர். மீதி இரண்டு பேர் வீடியோவை மட்டும் அனுப்பிவிட்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். தனித்தனியாகத் தட்டச்சு செய்ய விரலுக்குத் தெம்பில்லை. வேதியியல் நடத்திப் பிழைத்தவன் என்ற உரிமையில் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகும்போது படிக்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜன் மருத்துவம் என்பது முழுப் புளுகு அல்ல. அதற்குள் உண்மையான அறிவியல் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இருக்கிற உண்மைக்கும் நம் வீட்டு வாசலில் வந்து விற்கிற சரக்குக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளம் எப்படி உண்டானது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

சோதனைக் குழாயில் துத்தநாகத் துண்டைப் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, வாயில் தீக்குச்சியைக் காட்டினால் 'பட்' என்று சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? கடைசி பெஞ்சுக்காரர்களுக்குக்கூட அது மறந்திருக்காது. அந்த வாயுவை 1766இல் முறையாகப் பிரித்துப் படித்தவர் ஹென்றி கேவண்டிஷ். 'எரியும் காற்று' என்றுதான் அவர் அதைக் குறித்தார். அது எரிந்தால் தண்ணீர் வருகிறது என்பது பிறகு தெரிந்தது. அதனால் லவாய்சியர் 'நீரை உண்டாக்குவது' என்று பொருள்படும்படி ஹைட்ரஜன் என்ற பெயரைக் கொடுத்தார். தமிழில் நீரகம் என்று சொல்வதும் அதே பொருள்தான். 1783 ஆகஸ்ட் 27 அன்று பாரிசில் ஜாக் சார்ல்ஸ் இந்த வாயுவை அடைத்து ஒரு பலூனைப் பறக்கவிட்டார். அது கோனெஸ் என்ற கிராமத்தில் போய் இறங்கியது. ஊர்க்காரர்கள் ஏதோ பூதம் என்று நினைத்துக் கவைக்கோலால் குத்திக் கிழித்துவிட்டார்கள்.

புது வாயு ஒன்று கிடைத்தால் மனிதன் செய்கிற அடுத்த வேலை, இதை மூக்கில் இழுத்தால் நோய் போகுமா என்று பார்ப்பது. இங்கிலாந்தில் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் அதைத்தான் செய்தார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நீராவி எந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டின் மகள் ஜெஸ்ஸி 1794இல் அந்த நோயில் இறந்துபோனாள். மகளைப் பறிகொடுத்த தகப்பன், வாயுக்களைத் தயாரிக்கவும் நோயாளி சுவாசிக்கவும் கருவி செய்து பெடோஸுக்குக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து 'செயற்கைக் காற்றுகளின் மருத்துவப் பயன்' பற்றி நூலும் எழுதினார்கள். அந்தக் காற்றுகளில் ஹைட்ரஜனும் ஒன்று. 1799இல் பிரிஸ்டல் நகரில் இதற்கென்றே ஒரு நிலையம் திறந்தார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஹம்ப்ரி டேவி, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த நீர்வாயுவை இழுத்துப் பார்த்துச் சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார். காசநோய் தீரவில்லை. நைட்ரஸ் ஆக்சைடின் குணம் மட்டும் தெரியவந்து, பின்னாளில் மயக்க மருந்தாகப் பயன்பட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஜேம்ஸ் வாட் முட்டாள் அல்ல. அவர் காலத்தின் மிகப் பெரிய மூளைகளில் ஒன்று. பிள்ளை சாகக் கிடக்கும்போது எந்த மூளையும் ஒரு கருவியைத்தான் தேடும். நம் வீடுகளில் மெஷின் வாங்குகிறவர்களை நான் கேலி செய்யாததற்கு அதுதான் காரணம்.

பிறகு நூறு வருடத்துக்கு மேல் மருத்துவத்தில் ஹைட்ரஜன் பேச்சு அதிகமில்லை. 1888இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நிக்கோலஸ் சென், வயிற்றில் குண்டடி பட்டவரின் குடலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஆசனவாய் வழியே ஹைட்ரஜனைச் செலுத்தும் முறையைச் சொன்னார். ஓட்டை இருந்தால் காயத்தின் வழியே வாயு கசியும், கொளுத்தினால் எரியும். படிக்கும்போதே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

உண்மையில் பயனான செய்தி ஆழ்கடலிலிருந்து வந்தது. 1940களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே செட்டர்ஸ்ட்ரோம் ஆக்சிஜனோடு ஹைட்ரஜனைக் கலந்து சுவாசித்துக் கடலுக்குள் இறங்கினார். 1945இல் இறந்துபோனார். ஆனால் வாயுவால் அல்ல, மேலே தூக்கியவர்களின் தவறால். 1992இல் பிரான்சின் கோமெக்ஸ் நிறுவனம், ஹைட்ரஜன் கலந்த வாயுவைச் சுவாசித்தபடி ஒரு மனிதர் அழுத்த அறைக்குள் 701 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்க முடியும் என்று காட்டியது. அதாவது, ஹைட்ரஜன் உடம்புக்கு விஷமல்ல. இந்த ஒரு விஷயத்தில் மெஷின் விற்பவர் சொல்வது சரி.

1975இல் மால்கம் டோல் என்பவரும் கூட்டாளிகளும் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தோல் புற்றுக்கட்டி வந்த எலிகளை எட்டு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில், 97.5 சதவீதம் ஹைட்ரஜனும் 2.5 சதவீதம் ஆக்சிஜனும் கொண்ட அறையில் இரண்டு வாரம்வரை வைத்தார்கள். கட்டிகள் சுருங்கின. இதைத்தான் "ஹைட்ரஜன் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று 1975லேயே நிரூபிச்சுட்டாங்க" என்று வீடியோவில் சொல்கிறார்கள். எலி, எட்டு மடங்கு அழுத்தம், இரண்டு வாரம் என்ற மூன்றையும் வீடியோவில் சொல்வதில்லை. அந்தச் சூழலை ஒரு டம்ளர் தண்ணீரால் உண்டாக்க முடியாது.

இப்போது இருக்கிற அலை 2007இல் தொடங்கியது. டோக்கியோவின் நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஷிகியோ ஓட்டா குழுவினர் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள். எலியின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைச் சிறிது நேரம் அடைத்துத் திறந்தார்கள். அந்த நேரத்தில் சுவாசிக்கும் காற்றில் 2 முதல் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து கொடுத்தபோது மூளைச் சேதம் குறைந்தது.

அவர்கள் சொன்ன காரணம் அழகானது. செல்களுக்குள் ஆக்சிஜன் பயன்படும்போது, ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் தனி உறுப்புகள் உண்டாகும். இதில் எல்லாமே கெட்டவை அல்ல. கிருமியைக் கொல்லவும், செல்லுக்குள் சேதி சொல்லவும் சில தேவை. மிகக் கொடியது ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு. பக்கத்தில் எது இருந்தாலும் கடித்துவிடும். ஹைட்ரஜன் மூலக்கூறு நல்லவற்றைத் தொடாமல், இந்தக் கொடியதை மட்டும் தண்ணீராக மாற்றிவிடுகிறது என்பது ஓட்டாவின் விளக்கம்.

கேட்க இனிக்கிறது. ஆனால் வேதிவினை வேகம் என்று ஒரு பாடம் நடத்தினேனே, அதை இங்கே போட்டுப் பார்க்க வேண்டும். ஹைட்ராக்சில், உடம்பின் புரதத்தோடும் கொழுப்போடும் சர்க்கரையோடும் வினைபுரியும் வேகம், ஹைட்ரஜனோடு வினைபுரியும் வேகத்தைவிடச் சுமார் நூறு மடங்கு. அதுபோக, புரதமும் கொழுப்பும் செல்லில் நிரம்பிக் கிடக்கின்றன. ஹைட்ரஜனோ சொற்பம். ஆடிப்பூரத் தேரோட்டக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழரத வீதியில் திருடன் கை வைப்பது பக்கத்தில் நிற்பவர் பையில்தான். மேலரத வீதியில் ஒரே ஒரு போலீஸ்காரர் நின்று என்ன பயன்? இந்தக் கணக்கு ஆய்வாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் இப்போது, ஹைட்ரஜன் நேரடியாகச் சண்டை போடாமல் உடம்பின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டுகிறதோ என்று வேறு வழியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேடல் இன்னும் முடியவில்லை. அதில் குற்றமும் இல்லை, அறிவியல் இப்படித்தான் நடக்கும்.

'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் உருகுகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. தனி உறுப்புகள்தான் முதுமைக்குக் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னார். அப்படியானால் அவற்றை அடக்கும் பொருளைத் தின்றால் நோய் வராது என்று உலகமே நம்பியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை எடுத்து, ஒரு பகுதியினருக்குக் காரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். குறையும் என்று நினைத்தது கூடிவிட்டது! விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மனிதரில் சோதித்த பிறகுதான் பேச வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஹைட்ரஜன் தண்ணீரை மனிதரில் சோதித்தார்களா? சோதித்தார்கள். பார்க்கின்சன் நோயை எடுத்துக்கொள்வோம், அந்த நடுக்கம் வருமே, அது. 2013இல் ஜப்பானில் தினமும் ஒரு லிட்டர் ஹைட்ரஜன் தண்ணீரை 48 வாரம் குடிக்க வைத்தார்கள். ஒன்பது பேருக்கு ஹைட்ரஜன் தண்ணீர், எட்டுப் பேருக்கு வெறும் தண்ணீர். ஹைட்ரஜன் குடித்தவர்கள் தேறியதாகத் தெரிந்தது. வீடியோக்காரர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. பல மருத்துவமனைகளைச் சேர்த்து, 178 பேரை வைத்து, 72 வாரம், யாருக்கு எந்தத் தண்ணீர் என்று மருத்துவருக்கும் தெரியாமல் நோயாளிக்கும் தெரியாமல் மறுபடி நடத்தினார்கள். 2018இல் வெளியிட்டார்கள். கெடுதல் எதுவும் இல்லை. நன்மையும் இல்லை. இரண்டு தண்ணீரும் ஒன்றுதான். தங்கள் முதல் முடிவைத் தாங்களே சோதித்து, பொய்த்துப்போனதை மறைக்காமல் அச்சில் போட்ட அந்த ஜப்பான்காரர்களுக்கு நான் எழுந்து நின்று வணக்கம் வைப்பேன்.

சர்க்கரைக்கு என்று காட்டப்படுவது 2008இல் வந்த ஒரு ஆய்வு. சர்க்கரை நோயாளிகள் 30 பேர், அந்த எல்லையில் நிற்பவர்கள் 6 பேர். தினம் 900 மில்லி, எட்டு வாரம். கெட்ட கொழுப்பின் சில அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தது. 36 பேர், எட்டு வாரம் என்பதை வைத்து ஒரு ஊருக்கே மருந்து சொல்ல முடியுமா? பார்க்கின்சன் கதையை இப்போதுதான் படித்தீர்கள்.

நம்பிக்கை தருகிற ஒரு இடமும் இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. மாரடைப்பால் இதயம் நின்று, மறுபடி துடிக்க வைக்கப்பட்டும் நினைவு திரும்பாமல் கிடப்பவர்களுக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவில் 18 மணி நேரம் 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதுவும் ஜப்பானில்தான். கொரோனாவால் ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாகி, சேர்ந்தவர்கள் 73 பேர் மட்டுமே. 90 நாள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் ஹைட்ரஜன் பெற்ற பிரிவில் 85 சதவீதம், பெறாத பிரிவில் 61 சதவீதம். ஆனால் ஆய்வின் முதன்மைக் கேள்வியான மூளைத் தேர்ச்சியில் இருந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் நின்றது. 2023இல் வந்த முடிவு இது. பெரிய ஆய்வு ஒன்று நடந்தால் மருத்துவத்துக்கு நல்ல செய்தி வரலாம். வந்தாலும் அது ஐ.சி.யு.வில், அளந்து கொடுக்கிற வாயு. அடுப்படி மேடையில் இருக்கிற மெஷின் அல்ல.

மெஷினுக்கு வருவோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஹைட்ரஜன் அதிகபட்சம் 1.6 மில்லிகிராம். வாயுவாகச் சொன்னால் சுமார் 20 மில்லிலிட்டர். இனி உங்கள் குடலைப் பாருங்கள். அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் செரிக்காத மாவுச்சத்தைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் தயாரிக்கின்றன. 1969இல் மைக்கேல் லெவிட் என்ற மருத்துவர் அதை அளந்தார். வெறும் வயிற்றில் நிமிடத்துக்குச் சுமார் கால் மில்லிலிட்டர். குடலில் பால் சர்க்கரை சேர்ந்தால் நிமிடத்துக்கு 1.6 மில்லிலிட்டர் வரை. அதாவது, இரண்டு லட்ச ரூபாய் மெஷின் ஒரு லிட்டரில் தருவதை உங்கள் குடல் பட்டினி கிடந்தே ஒன்றரை மணி நேரத்துக்குள் தந்துவிடும். சுண்டலோ மொச்சையோ தின்ற நாளில் கேட்கவே வேண்டாம். இந்த ஹைட்ரஜன் ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளியேறுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் மூச்சில் ஹைட்ரஜனை அளப்பது இதனால்தான். நம் ஊர்க்காரர்களுக்குப் பால்கோவா சாப்பிட்டுவிட்டு இந்தச் சோதனை செய்தால் சிலருடைய குட்டு வெளிப்பட்டுவிடும்.

'தண்ணீரில் குடிக்கும்போது ஒரேயடியாக ஏறுகிறது, குடலில் மெல்ல வருகிறது, அதனால் பலன் வேறு' என்று இதற்கு ஆய்வாளர்கள் சிலர் பதில் சொல்கிறார்கள். இருக்கலாம். அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

இன்னொன்று. உலகிலேயே மிகச் சிறிய மூலக்கூறு ஹைட்ரஜன். திறந்த டம்ளரில் நிற்காது, பிளாஸ்டிக் பாட்டில் சுவர் வழியாகவே கசிந்துவிடும். மெஷினில் பிடித்துப் பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றி, சொந்தக்காரர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் அனுப்புகிறார்கள். போய்ச் சேருவது தண்ணீர் மட்டும்தான். 2016 டிசம்பரில் ஜப்பானின் தேசிய நுகர்வோர் மையம் கடைகளில் விற்ற ஹைட்ரஜன் தண்ணீரை வாங்கிச் சோதித்தபோது, சில பாட்டில்களில் மூடியைத் திறந்த நேரத்திலேயே ஹைட்ரஜன் இல்லை. "ஜப்பான் அரசு அங்கீகரித்த கருவி" என்கிறார்களே, அதிலும் பாதி உண்மை உண்டு. மின்னாற்பகுப்பால் காரத் தண்ணீர் தரும் கருவியை 1965இல் அந்த நாட்டு அரசு வீட்டு மருத்துவக் கருவியாக ஏற்றது. எதற்கு? அஜீரணம், வயிற்றுப்போக்கு மாதிரி வயிற்றுத் தொல்லைகளுக்கு. சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ அல்ல.

ஜப்பானில் மூடியைத் திறந்து அளந்தார்கள். அப்படி அளந்து பார்ப்பதன் அருமையை நம் மாவட்டமே ஒரு காலத்தில் நேரில் கண்டது. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு 1996 நினைவிருக்கும். நம் பக்கத்து இடையன்குளத்து ராமர் பிள்ளை, மூலிகையைப் போட்டுத் தண்ணீரைப் பெட்ரோல் ஆக்குவதாகச் சொன்னார். டெல்லியில் விஞ்ஞானிகள் முன்னால் செய்து காட்டினார். பெரிய பெரிய அதிகாரிகளே அசந்துபோனார்கள். பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. காமராஜர் மாவட்டத்துக்கே பெருமை என்று ஆசிரியர் ஓய்வறையில் பேச்சு. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், ஆற்றல் அழிவின்மை விதிய இனிமே படிக்கணுமா?" என்று கேட்டான். அவன் இப்போது சிவகாசியில் கணக்கு ஆசிரியர். இதைப் படித்துக்கொண்டிருப்பான்.

அவனுக்கு அன்று சொன்னதுதான். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வேண்டுமானால் எரியும்போது வெளியே போன ஆற்றல் அவ்வளவையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். போதாததற்குப் பெட்ரோலில் கார்பன் இருக்கிறது, தண்ணீரில் அது கிடையாது. ஒரு பிடி மூலிகை எந்த மூலைக்கு? சென்னை ஐ.ஐ.டி.யில் சோதித்தபோது சூட்சுமம் தெரிந்தது. கிளறுகிற கோல் உள்ளே பொள்ளலாக இருந்தது. அதற்குள் எரிபொருளை அடைத்து நுனியை மெழுகால் மூடியிருந்தார்கள். சூட்டில் மெழுகு உருக, எரிபொருள் பாத்திரத்தில் இறங்கியது. அதன் பிறகும் அந்த எரிபொருள் விற்பனைக்கு வந்தது, ஜனங்கள் வாங்கினார்கள். சி.பி.ஐ. வழக்கில் 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. டொலுயீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருட்களின் கலவையை மூலிகை எரிபொருள் என்று விற்றதாகத்தான் வழக்கு. இருபது வருடம்!

ஹைட்ரஜன் மெஷினும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. மெஷின் உண்மையிலேயே ஹைட்ரஜனைத் தருகிறது. 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் மின்கலத்தால் தண்ணீரைப் பிரித்தார்களே, அதே மின்னாற்பகுப்பு. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் வரும், கூடவே தண்ணீர் காரமாகும். ஆற்றலுக்கு மின்வாரியத்துக்குக் காசு கட்டுகிறோம். விதி எதுவும் மீறப்படவில்லை. நான் ஒப்பிடுவது செய்து காட்டுகிற முறையை மட்டும். அன்று எல்லோரும் பாத்திரத்தையே பார்த்தார்கள், கோலை யாரும் பார்க்கவில்லை. இன்று நம் வீட்டுக் கூடத்தில் நடக்கும் டெமோவில் என்ன நடக்கிறது?

ஒரு சொட்டு மருந்து விட்டதும் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிறது, மெஷின் தண்ணீர் நீலமாகிறது. பெண்கள் "அடேயப்பா" என்கிறார்கள். தினம் ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்துச் சிவப்பாக்குகிற கைகள் இவை! காரம் பட்டால் நிறம் மாறும், அவ்வளவே. அடுத்து, பச்சைத் தண்ணீரிலேயே தேயிலைச் சாயம் இறங்குகிறது. ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டுத் தேயிலையை ஊற வையுங்கள், அதுவும் கறுக்கும். மூன்றாவது, எண்ணெய் தண்ணீரோடு கலந்து பால் மாதிரி ஆகிறது. "இப்படித்தான் உங்க ரத்தக்குழாய்ல இருக்கிற கொழுப்பும் கரையும்" என்கிறார்கள். தீப்புண்ணுக்குச் சுண்ணாம்புத் தெளிநீரில் தேங்காயெண்ணெயை விட்டு அடித்துப் போடுவாளே நம் அப்பத்தா, அதே வித்தை. அந்த டெமோவுக்குப் பிடிக்கிற கடுங்காரத் தண்ணீர் குடிப்பதற்கே ஆகாது.

கவனித்தீர்களா? விற்பது ஹைட்ரஜன், காட்டுவது மூன்றும் காரம். ஹைட்ரஜனை அளக்கிற சோதனை இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காரமும் வயிற்றுக்குள் போனதும் அங்கே இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காணாமல் போகும்.

என் நெருங்கிய உறவினர் ஒருவர், மில் வேலையில் ஓய்வு பெற்றவர், பெயர் வேண்டாம். பதினாறு வருடச் சர்க்கரை. போன வருடம் இரண்டே கால் லட்சத்துக்குத் தவணையில் மெஷின் வாங்கினார். விற்றவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னாரா என்று பிறகு கேட்டேன். "நிறுத்துன்னு சொல்லல. ஒங்க ஒடம்பே ஒங்களுக்குச் சொல்லும்னாரு" என்றார். உடம்பு சொன்னது. மாத்திரையைக் குறைத்து, பிறகு விட்டேவிட்டார். ஐந்தாவது மாதம் கால் பெருவிரலில் சிறு புண். வலி தெரியவில்லை, சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியாது. மதுரையில் சேர்த்தபோது சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 380. இரண்டு விரல்களை எடுத்தார்கள். இப்போது மாத்திரை, இன்சுலின் இரண்டும் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார். மெஷின் தவணை இன்னும் பதினொன்று பாக்கி. அவர் மனைவி அந்த மெஷின் மேல் துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

ஏஜென்சி எடுக்கப் போகிற இருவருக்கும் இதைச் சொல்ல வேண்டும். சர்க்கரை, புற்றுநோய், பக்கவாதம் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். வாட்ஸப்பில் அனுப்பினாலும் விளம்பரம் விளம்பரம்தான். ஆள் சேர்த்தால் பணம் என்கிற சங்கிலி முறையை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடுக்கின்றன. கம்பெனி மேலே இருந்து தப்பித்துக்கொள்ளும். சித்தி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் போய் விற்ற நீங்கள்தான் அகப்படுவீர்கள். காசு போனால் சம்பாதிக்கலாம், அத்தை வீட்டு வாசலை மறுபடி எப்படி மிதிப்பீர்கள்?

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம். அது தண்ணீர்தான், கெடுதல் இல்லை. குடிநீருக்கு என்று குறித்த அளவில் குடியுங்கள். மாத்திரையை மட்டும் அந்தக் காரத் தண்ணீரில் விழுங்காமல் சாதாரணத் தண்ணீரில் விழுங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சர்க்கரை அளவு குறைந்தால் சந்தோஷம், ஆனால் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை. மூக்கில் குழாய் வைத்து ஹைட்ரஜனை இழுக்கிற மெஷின் என்று இப்போது ஒன்று வருகிறது. அதை வாங்கவே வாங்காதீர்கள். காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். சோதனைக் குழாயில் கேட்ட 'பட்' சத்தத்தை உங்கள் மூக்கில் கேட்க எனக்கு ஆசையில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். டெமோ காட்ட வருகிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தேயிலை, ஆப்பசோடா, சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய் எல்லாம் நான் வாங்கி வைக்கிறேன். ஹைட்ரஜனை அளக்கிற கருவியை மட்டும் அவரைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.